ரெண்டடி தொட்டிக்கு எந்த ஃபில்டர் போடுறது? நாலு கோல்டு ஃபிஷ்ல ரெண்டு போயிடுச்சு

அம்பத்தூர் அம்மா:
வணக்கம். பையனோட 6வது பிறந்தநாளுக்கு அவன் மாமா மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தாரு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கூடவே நாலு கோல்டு ஃபிஷ், நீலக் கூழாங்கல்லு, ஒரு பிளாஸ்டிக் கப்பல், தண்ணிக்குள்ள மூழ்கி நிக்கிற ஃபில்டர் ஒண்ணு. டப்பாவுல 15 வாட்ஸ்னு போட்டிருக்கு.

இப்ப மூணு வாரம் ஆகுது. மூணாம் நாளே தண்ணி கழுநீர் மாதிரி கலங்கிடுச்சு. அதனால ஞாயித்துக்கிழமை தோறும் மீனை வாளியில விட்டுட்டு கல்லு, கப்பல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாத்தையும் குழாயடியில வெள்ளையா வர்ற வரைக்கும் கழுவி, புதுசா மெட்ரோ தண்ணி ரொப்புறேன். அப்பவும் புதன்கிழமைக்குள்ள மறுபடி கலங்குது. மாமியார் ஹால்லதான் படுப்பாங்க, மோட்டார் கொர்ருனு சத்தம் போடுதுன்னு ராத்திரி 10 மணிக்கு நிறுத்திடுவேன். காலையில பார்த்தா எல்லா மீனும் மேல வந்து வாயைப் பிளந்துகிட்டு நிக்கும்.

போன திங்கக்கிழமை ஒண்ணு செத்துச்சு, புதன் இன்னொண்ணு. கடையில நீல மருந்து கொடுத்தாங்க, ஊத்தினேன். இப்ப "அந்த ஃபில்டர் பத்தாதுங்க, வெளியில வைக்கிற கேனிஸ்டர் போடுங்க"ன்னு 6,000 ரூபாய் சொல்றாங்க. அவ்வளவு போட்டா நிஜமா சரியாகுமா? மிச்சம் இருக்கிறது இட்லியும் வடையும். (பையன் வெச்ச பேரு. போனது பொங்கலும் பூரியும்.)

கொளத்தூர் தொட்டிக்காரன்:
சிஸ்டர், அந்த 6,000 ரூபாயை முதல்ல பத்திரமா உள்ள வைங்க.

நீங்க எழுதினதையே திரும்பப் படிங்க. ஞாயிறு கழுவுறீங்க, திங்கள் ஒண்ணு போகுது, புதன் இன்னொண்ணு. ஃபில்டர் சின்னதா பெருசாங்கிறது அப்புறம். ஒவ்வொரு வாரமும் அதை நீங்களே கொன்னுட்டு இருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க.

மீன் மூச்சு விட்டாலே செவுள் வழியா அமோனியா வெளிய வரும். கழிவு, மிச்சத் தீனி அழுகினாலும் அதுதான். கண்ணுக்குத் தெரியாது, ஆனா செவுளைப் பொசுக்கிடும். ஸ்பாஞ்சுல ஒட்டி வளர்ற பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதை மீன் ஓரளவு தாங்கும். இந்தக் கூட்டம் முழுசா உருவாக 4 வாரத்துல இருந்து 6 வாரம் ஆகும். நீங்க ஏழு நாளைக்கு ஒரு தடவை குளோரின் தண்ணியில அதைக் கழுவி விடுறீங்க. மிச்சம் மீதி இருந்ததை ராத்திரி மோட்டாரை நிறுத்தி மூச்சுத் திணற விடுறீங்க. அதுக்கு மேல நீல மருந்து வேற! பூஞ்சை இருந்தா அது நல்ல மருந்துதான், ஆனா இந்த பாக்டீரியாவையும் சேர்த்துக் கெடுக்கும். தண்ணி கலங்குறதே புதுத் தொட்டியில பாக்டீரியா பெருகுறதாலதான். கலங்கலைப் பார்த்துப் பயந்து கழுவினா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பம்.

இனி செய்ய வேண்டியது: இருக்கிற ஃபில்டரை 24 மணி நேரமும் ஓட விடுங்க. 15 வாட்ஸ் ரெண்டு மாசத்துக்கு ஓடினா 22 யூனிட் கூட வராது. கொர்ருனு சத்தம் வந்தா முன் மூடியைக் கழட்டுங்க. உள்ள காந்தத்தோட ஒரு சின்ன விசிறி இருக்கும், அதுல மண்ணோ முடியோ சிக்கியிருக்கும். மோட்டார் கண்ணாடியை உரசுதான்னும் பாருங்க.

கூடவே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு சின்ன ஏர் பம்ப் வாங்கிப் போடுங்க. காத்துக் குமிழி குழாய் வழியா மேல ஏறும்போது ஸ்பாஞ்ச் வழியா தண்ணியையும் இழுத்துகிட்டுப் போகும், அவ்வளவுதான் அதோட டெக்னாலஜி. எங்க மீன் ஷெட்டுல 40 தொட்டிக்கும் ஒரே ப்ளோயரும் (பெரிய காத்து மோட்டார்) ஸ்பாஞ்சும்தான். பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, இல்லன்னா கரண்ட் போனதும் தண்ணி டியூப் வழியா பின்னாடி வந்து பம்பும் போச்சு, தரையும் ஈரம்.

ஸ்பாஞ்சைக் குழாயில காட்டவே கூடாது. வாரா வாரம் கால்வாசித் தண்ணிதான் மாத்தணும். எடுத்த அந்த அழுக்குத் தண்ணியிலயே ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஸ்பாஞ்சை நாலு பிழி பிழிஞ்சா போதும். பழுப்பா இருக்கும், இருக்கட்டும். புதுத் தண்ணிக்கு ஆன்டி குளோரின் ரெண்டு சொட்டாவது விடாம ஊத்தாதீங்க. எத்தனை லிட்டருக்கு எத்தனை சொட்டுன்னு பாட்டில்லயே இருக்கும்.

மதுரை மோலி:
அண்ணன் சொன்னதுல முக்கால்வாசி சரி. ஆனா கோல்டு ஃபிஷ்க்கு வெறும் ஸ்பாஞ்ச்னா நான் ஒத்துக்க மாட்டேன். அது தின்னுட்டே இருக்கும், போயிட்டே இருக்கும். உங்க ஷெட்டுல தினம் அடியில உறிஞ்சி எடுக்க ஆள் இருக்கு, அக்கா வீட்ல யாரு இருக்கா? பழைய மோட்டார் ஃபில்டரைக் கழட்டவே வேணாம் அக்கா. அது குப்பையைப் பிடிக்கட்டும், ஸ்பாஞ்ச் பாக்டீரியாவைப் பார்த்துக்கட்டும்.

கண்ணாடி விளிம்புல தொங்கவிடுற ஹேங்-ஆன் ஃபில்டரை யாராவது சொல்லுவாங்க, எங்க தெருவுல கரண்ட் போற அழகுக்கு அது சரிப்படல. போய்த் திரும்ப வந்தப்ப தண்ணி இழுக்காம, மோட்டார் வெறுமனே ஓடிச் சூடாகிப் புகைஞ்சுடுச்சு. எல்லா மாடலும் அப்படி இல்ல, தொட்டியில தண்ணி மட்டம் இறங்கியிருந்தது என் தப்புதான்.

இன்னொண்ணு. 2×1×1 தொட்டி கணக்குப்படி 56 லிட்டர், கல்லும் மேல விடுற இடமும் போக 45 தேறும். கோல்டு ஃபிஷ் உள்ளங்கை அளவுக்கு வளர்ற ஜாதி. ரெண்டு செத்ததுல ஒரே நல்லது, இப்ப ரெண்டே ரெண்டு இருக்கு. பையன் அழுதாலும் புதுசா வாங்கிடாதீங்க.

உப்புக்கரை:
ஒரு அமோனியா டெஸ்ட் கிட் வாங்கிடுங்க, சொட்டு விட்டுப் பார்க்கிற வகை. போர் தண்ணி கலந்தா பிஎச் (தண்ணியோட அமில-கார அளவு) ஏறும், பிஎச்சும் சூடும் ஏற ஏற அதே அளவு அமோனியா இன்னும் விஷமாகும். நம்ம ஊர் மே மாசத்துல இது விளையாட்டில்ல. அளவு காட்டுற அன்னைக்கு தீனியை நிறுத்திட்டு கால்வாசி மாத்துங்க. ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தா கோல்டு ஃபிஷ்க்கு ஒண்ணும் ஆகாது.

அம்பத்தூர் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. 12 நாள் ஆச்சு. விசிறியில சுத்தியிருந்தது என் தலைமுடிதான், எடுத்ததும் சத்தம் பாதியா குறைஞ்சது. ஏர் பம்ப்தான் இப்ப வண்டு மாதிரி ரீங்காரம் போடுது. பழைய துண்டை நாலா மடிச்சு அடியில வெச்சதுக்கு அப்புறம் மாமியார் ஒண்ணும் சொல்லல.

முதல் டெஸ்ட்ல டியூப் நல்ல பச்சையா வந்துச்சு, அட்டையில 2ன்னு காட்டுது. தினம் கால்வாசி மாத்தினேன். நேத்து வெளிர் மஞ்சள்ல லேசாப் பச்சை, 0.25 இருக்கும். தண்ணி இன்னும் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு, ஆனா காலையில ரெண்டும் மேல வந்து வாயைப் பிளக்கறதில்ல. இவ்வளவு குறைஞ்சாச்சே, இனி மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்தினா போதுமா?

கொளத்தூர் தொட்டிக்காரன்:
அமோனியா இறங்கும்போதுதான் நைட்ரைட் ஏறும். அதுக்கும் கிட் வாங்கி ஒரு தடவை பாருங்க. அது ரெண்டும் பூஜ்யம் காட்டுற வரைக்கும் தினமும்தான். நைட்ரைட் இருந்தா அயோடின் சேர்க்காத கல்லுப்பு லிட்டருக்கு 1 கிராம் கணக்குல, உங்க தொட்டிக்கு 45 கிராம், தனியா கரைச்சு ஊத்துங்க. தண்ணி மாத்தும்போது மாத்தின அளவுக்கு மட்டும் திரும்பச் சேர்த்தா போதும்.

அம்பத்தூர் அம்மா:
சரிண்ணா. கடைக்காரர் போன் பண்ணினாரு, கேனிஸ்டர் எடுத்து வைக்கவான்னு. வேணாம்னுட்டேன். கப்பலை மட்டும் இட்லி மோதிக்குதுன்னு பையனே வெளிய எடுத்துட்டான்.