குடையைத் தொலைக்கிற பையனின் கதையில் அந்தப் பெயர் வர வேண்டுமா?

எல்லைக்காரி (கொழிஞ்சாம்பாறை):

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் 19 வாசிப்பு நாளுக்கு எங்கள் ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) குழந்தைகளுக்கு ஒரு கதை வாசித்தேன். நானே எழுதியது, ஒன்பது பக்கம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். எதையும் தொலைப்பான், உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டான். அம்மாவோடு பாலக்காட்டுக்குப் போய் டாக்டரைப் பார்க்கிறான். அவர் பார்த்த உடனேயே, "உனக்கு இருப்பதன் பெயர் ஏடிஹெச்டி" என்று அவனிடம் சொல்கிறார். கவனம் ஓரிடத்தில் நிற்காமலும் உடம்பு ஓயாமலும் இருக்கிற நிலைக்கு மருத்துவத்தில் அந்தப் பெயர். கடைசியில் பள்ளி கலோத்சவத்தில் (கலைவிழாவில்) ஓவியத்துக்கு முதல் பரிசு வாங்குகிறான்.

வாசித்து முடித்ததும் பெரியவர்கள் இரண்டு கட்சி ஆகிவிட்டார்கள். "கதை நல்லா இருக்கு, அந்தப் பேரை மட்டும் எடுத்துருங்க" என்றார் ஒருவர். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

கதையில் வருகிறவன் என் மகன்தான். எங்கள் கிழக்குப் பக்கம் மழை குறைவு, குடைக்கு அவ்வளவு வேலை கிடையாது. அப்படியும் போன வருஷம் பள்ளி திறந்த மாதத்திலேயே மூன்று குடை போயிற்று. மூன்றாவது குடையின் துணியில் அவன் பெயரைச் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தேன். சாயங்காலம் வெறுங்கையோடு வந்து, "பேரு எங்க தெச்சிருக்குதுன்னு எல்லார்த்துக்கும் காட்டுனேன்மா" என்றான். முகம் அத்தனை சந்தோஷம். காட்டிய இடம் மட்டும் நினைவில் இல்லை.

டாக்டர் மலையாளத்தில்தான் பேசினார். "ஸ்ரத்தக்குறவு" என்றார். மலையாளத்தில் ஸ்ரத்த என்றால் கவனம். கூட வந்த என் மாமியார் காதில் அது 'சிரத்தை' என்று விழுந்தது. நம் பேச்சில் சிரத்தை இல்லை என்றால் அக்கறை இல்லை, மனசு வைக்கவில்லை என்றுதானே பொருள்? பஸ்ஸில் திரும்பும்போது அவனைப் பார்த்து, "டாக்டரே சொல்லிட்டாரு பாத்தியா, உனக்குச் சிரத்தை பத்தாதுன்னு" என்றார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றைக்குத்தான் இந்தக் கதையை எழுத வேண்டும் என்று தோன்றியது. பெயர் அதில் இருக்க வேண்டும் என்றும்.

பனங்காட்டு வாத்தியார் (எருத்தேம்பதி):

எடுக்கச் சொன்னது நான்தான் அம்மா. தமிழ் வழி வகுப்பில் 22 வருஷமாக நிற்கிறேன். என் காரணத்தையும் கேளுங்கள்.

ஒரு வருஷம் மூன்றாம் வகுப்பில், கண்ணாடி போட்ட பையன் வருகிற கதை ஒன்றை வாசித்தேன். கண்ணாடி போட்டவர்களைக் கேலி செய்யக் கூடாது என்பதுதான் அதன் சாரம். வகுப்பில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். அதுவரை அவளை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. கதையில் வந்த 'சோடாபுட்டி' அன்றைய மத்தியானச் சோற்று வரிசையிலேயே அவள் பெயராகிவிட்டது. அவள் பள்ளி மாறிப் போகும்வரை அது போகவில்லை. நான் வாசித்த கதை, என் குரலில் கேட்ட சொல்.

பெயர் சொல்லாமலே கதை வேலை செய்யும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆசிரியர்கள் கையில் நிறையப் புழங்கிய ஒரு புத்தகம் டோட்டோ-சான். 1981இல் ஜப்பானில் வந்தது. அதில் வருகிற டோட்டோ-சான் என்ற குழந்தை மேஜை மூடியை நூறு தடவை திறந்து மூடுகிறாள், ஜன்னலில் நின்று தெருவில் போகிற வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிறாள். முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவள் சுபாவத்துக்குப் புத்தகத்தில் எந்த நோயின் பெயரும் கிடையாது. பள்ளியிலிருந்து நீக்கிய விஷயத்தையே அவள் அம்மா அவளுக்கு இருபது வயது ஆகும்வரை சொல்லவில்லை. அந்த மௌனம் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது என்றுதான் நான் படித்தேன்.

அவ்வளவு தூரம் போவானேன்? அத்திரிபாச்சா கொழுக்கட்டை கதை இருக்கிறதே. மாமியார் வீட்டில் சாப்பிட்ட பலகாரத்தின் பெயர் மறந்துவிடக் கூடாதென்று கொழுக்கட்டை, கொழுக்கட்டை என்று முணுமுணுத்துக்கொண்டே வருகிறவன், வழியில் ஒரு பள்ளத்தை 'அத்திரிபாச்சா' என்று தாண்டுகிறான். அப்புறம் வாயில் அத்திரிபாச்சாதான். எத்தனை தலைமுறைக் குழந்தைகள் அவனோடு ஒட்டிக்கொண்டார்கள்! அவனுக்கு யாரும் பெயர் சூட்டவில்லை.

இன்னொன்று. பெயர் கிடைத்தால் உதவி கிடைக்கும் என்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. கற்றல் குறைபாடு உண்டு, ஆட்டிசம் உண்டு, இது இல்லை. பிறகு அந்தப் பெயரால் குழந்தைக்கு மிஞ்சுவது பட்டப்பெயர்தானே?

எல்லைக்காரி:

சார், சோடாபுட்டி விஷயத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுதத் தோன்றவில்லை. அந்தப் பயம் எனக்கும் உண்டு.

ஆனால் டோட்டோ-சானைக் காப்பாற்றியது மௌனம் மட்டும் இல்லை. முதல் நாளே நாலு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்த ஒரு தலைமையாசிரியர் இருந்தார். ரயில் பெட்டியில் வகுப்பு, பிடித்த பாடத்திலிருந்து நாளைத் தொடங்கலாம் என்ற சலுகை. அதெல்லாம் உள்ள பள்ளியில் பெயர் தேவைப்படாமல் இருக்கலாம். நாற்பது நிமிஷ பீரியட் உள்ள பள்ளிக்குத்தான் என் மகன் போகிறான்.

அத்திரிபாச்சா கதையை என் மாமியார் அவனுக்குச் சொன்னபோது நான் அடுப்படியில் இருந்தேன். நாத்தனார் பிள்ளைகள் எல்லாம் உருண்டு சிரித்தார்கள். இவன் சிரிக்கவில்லை. "வாயில சொல்லிட்டேதான வந்தாரு பாட்டி? அப்புறமும் போயிருச்சா?" என்று கேட்டான். அவனும் கடைக்குப் போகும்போது அப்படித்தான் போவான். கடுகு, கால் லிட்டர் எண்ணெய், கடுகு, கால் லிட்டர் எண்ணெய் என்று வாசலிலிருந்தே ஆரம்பிப்பான். திருப்பத்தில் ஒரு ஆட்டுக்குட்டி நின்றால் போதும், கடுகு அதோடு போய்விடும். அந்தக் கதையின் முடிவு நினைவிருக்கிறதா? அத்திரிபாச்சா செய்யத் தெரியாதா என்று அவன் பெண்டாட்டியை அடிக்கிறான், கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்குகிறது. மறந்தவன் கேலிக்கு ஆளாகிறான், பக்கத்தில் இருக்கிறவள் அடிபடுகிறாள். வேறு ஒரு கதை அவனுக்கு வேண்டும் சார்.

குப்பத்துக்காரன் (ஆந்திரம்):

நான் குப்பத்தில் பிறந்தவன். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. இப்போது பெங்களூரில் வேலை. எனக்கு ஏடிஹெச்டி என்று தெரிய வந்தபோது வயது 31.

வாத்தியார் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெயர் வைக்காவிட்டால் பெயர் இல்லாமல் போய்விடாது. என் பிராக்ரஸ் கார்டு முழுக்க 'ஸ்ரத்த லேது' என்று எழுதியிருக்கும். தெலுங்கிலும் அது பழிச்சொல்தான். வீட்டில் பராக்குப் பார்க்கிறவன், அறுந்த வாலு, உருப்படாதவன். இருபது வருஷம் இவைதான் என் பெயர்கள், இவற்றை நான் நம்பவும் செய்தேன். பட்டப்பெயரை மற்ற பிள்ளைகள் வைப்பதற்கு முன்பே பெரியவர்கள் வைத்துவிடுகிறார்கள் ஐயா.

பெயரைத் தமிழாக்கவும் வேண்டாம் அக்கா. கவனக்குறைவு என்று போட்டால் லாரி விபத்துச் செய்தி மாதிரி இருக்கும். 'ஓட்டுநரின் கவனக்குறைவால்' என்றுதானே போடுகிறார்கள்? ஏடிஹெச்டி என்றே இருக்கட்டும். சுகர், பிபி மாதிரி வாயில் பழகிவிடும்.

ஆனால் உங்கள் முடிவு எனக்கு வலித்தது. ஓவியப் பரிசு எதற்கு? 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்திலும் பையன் ஓவியப் போட்டியில் ஜெயிப்பான். அவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிக்கத் தடுமாறுவது, வேறு விஷயம். அந்தப் படத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட பிள்ளை என்றால் உள்ளே ஒரு திறமை ஒளிந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் தேடுகிறார்கள். ரிக் ரியோர்டன் 2005இல் வெளிவந்த பெர்சி ஜாக்சன் கதையைத் தொடங்கியதே ஏடிஹெச்டியும் டிஸ்லெக்சியாவும் உள்ள தன் மகனுக்காக. பெர்சி தேவனுக்குப் பிறந்தவன், நிலைகொள்ளாத உடம்பு அவனுக்குப் போர்க்களத்தில் வரம். சின்ன வயதில் படித்திருந்தால் எனக்கும் இனித்திருக்கும். மறுநாள் காலையில் ஹோம்வொர்க் நோட்டைக் காணோம் என்று முட்டி போட வைக்கும்போது அந்த வரத்தை வைத்து நான் என்ன செய்வது? 1998இல் ஜாக் கான்டோஸ் எழுதிய ஜோயி பிக்ஸா என்ற பையனின் கதை வேறு ரகம். அவனுடைய மாத்திரையின் வேகம் மத்தியானத்துக்குள் அடங்கிவிடும். வகுப்புத் தோழி ஒருத்தியை அறியாமல் காயப்படுத்திவிடுகிறான். பிறகு வேறு பள்ளி, வேறு மருந்து. பரிசுக் கோப்பை எதுவும் கிடையாது. அவனை நான் நம்பினேன்.

பரிசு வாங்காத பையனையும் அந்த ஊர் வைத்துக்கொள்ளுமா? அதை எழுதுங்கள் அக்கா.

தேயிலைக்காடு (மூணாறு):

நான் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பெயர் வேண்டும் என்பதுதான் என் கட்சி, ஆனால் டாக்டர் வரும் பக்கத்தைத் திருத்துங்கள். உங்கள் டாக்டர் பார்த்த உடனே பெயரைச் சொல்லிவிடுகிறார். அப்படி நடக்காது. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரிகிற விஷயம் இல்லை இது. ஆறு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீட்டில் மட்டும் அல்லாமல் பள்ளி மாதிரி இன்னொரு இடத்திலும் தெரிய வேண்டும். அதனால் வகுப்பு ஆசிரியரிடமும் கேட்பார்கள். அதாவது, வாத்தியார் சார் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறார்.

அப்புறம், டோட்டோ-சானை விட்டால் எல்லாக் கதையிலும் பையனே வருகிறான். ஓடாமல், சத்தம் போடாமல், பின் பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலில் பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பீரியட் முழுவதையும் விடுகிற பெண் குழந்தைகள் உண்டு. அமைதியான பிள்ளை என்று பாராட்டு வேறு கிடைக்கும். அவர்களில் பலரை ரொம்பத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அடுத்த கதையாவது அவளுக்கு எழுதுங்கள்.

பனங்காட்டு வாத்தியார்:

டாக்டர் ஆசிரியரிடமும் கேட்பார் என்பது எனக்குப் புதிது இல்லை. அப்படி ஒரு படிவம் என் கைக்கு வந்திருக்கிறது. 'அடிக்கடி', 'எப்போதாவது' என்று கட்டங்கள் இருந்தன. அந்தப் பையனைப் பற்றி நான் அதுவரை யோசித்ததில் முக்கால்வாசி என் சிரமத்தைப் பற்றித்தான் என்று ஒவ்வொரு கட்டமாக டிக் செய்யும்போது தெரிந்தது. பெரியவர்கள்தான் முதல் பட்டப்பெயரை வைக்கிறார்கள் என்று குப்பத்துத் தம்பி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் சோற்று வரிசை எனக்குக் கண்ணை விட்டுப் போகவில்லை. நாற்பது பேர் கேட்கிற சொல், அதில் ஒருவன் மேல்தான் போய் ஒட்டும். ஒட்டினால் அந்த ஒருவனுக்காக யார் நிற்பார்கள்? அச்சில் பெயரை வைத்துவிட்டு, வாசிக்கிற ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விட முடியாது. எல்லா ஆசிரியரும் பார்த்துக்கொள்வதில்லை, நானே பார்த்துக்கொள்ளவில்லை. பெயர் இருக்கட்டும் என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை அம்மா. திருத்திய கதையை அனுப்புங்கள். அடுத்த திங்கள் நாலாம் வகுப்பில் வாசிக்கிறேன். டாக்டர் வரும் பக்கத்தை மட்டும் நீங்கள் வந்து வாசியுங்கள், நான் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மத்தியானம் சோற்று வரிசையிலும் நிற்கிறேன்.

எல்லைக்காரி:

வருகிறேன் சார்.

ஓவியப் பரிசை எடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் இப்போது அவன் நாலாவது குடையையும் தொலைத்துவிட்டு நனைந்துகொண்டு வருகிறான். பாட்டி திண்ணையில் துண்டோடு காத்திருக்கிறார், தலையைத் துவட்டிவிடுகிறார், எங்கே வைத்தாய் என்று கேட்கவில்லை. என் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "நான் எப்படா கேக்காம இருந்தேன்" என்றார். பிறகு, "அப்படியே இருக்கட்டும், எழுது" என்றார். டாக்டர் வரும் பக்கத்தில் வகுப்பு ஆசிரியரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

பெயர் வருகிற வரியை மகனிடம் காட்டி, இது உன் வகுப்புப் பிள்ளைகள் காதிலும் விழும், வைக்கலாமா என்று கேட்டேன். இரண்டு தடவை படித்தான். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வெளியே ஓடிவிட்டான். இந்தக் கேள்வியை முதலில் அவனிடம்தான் கேட்டிருக்க வேண்டும். அவன் பதில் வரும்வரை அந்தப் பக்கத்தைத் தனித் தாளாக வைத்திருக்கிறேன் சார். மற்ற எட்டுப் பக்கமும் நாளைக் காலை உங்கள் பள்ளிக்குக் கொடுத்து அனுப்புகிறேன்.