வளைகாப்பு 23 – குடும்பக் குழு

சாந்தி சித்தி: வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் உட்கார வரச்சொல்லி சித்தப்பாவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. 18ஆம் தேதி டவுன்டவுன் கோர்ட். 23ஆம் தேதி வித்யா வளைகாப்பு. என்ன செய்வது?

கார்த்திக்: கேஸில் எடுக்கவில்லை என்றால் அன்றைக்கே வீடு, சித்தி.

பெரியப்பா: எடுத்துவிட்டால்? அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீது நடந்த இரட்டைக் கொலை வழக்கும் அதே லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுனில்தான். ஜூரிகளை ஹோட்டலில் 265 நாள் அடைத்து வைத்தார்கள். பேப்பர்கூட வெட்டித்தான் வரும். தினப்படி 5 டாலர். நடுவில் பத்துப் பேரை நீக்கி, மாற்று ஜூரிகளை வைத்து ஓட்டினார்கள். கடைசியில் நாலு மணி நேரத்துக்குள் விடுதலை என்று தீர்ப்பு!

வித்யா: 265 நாளில் என் குழந்தை தவழுமே பெரியப்பா 😀

அம்புஜம் அத்தை: போலீஸ் துரத்த, சிம்ப்சன் இருந்த அந்த வெள்ளை ப்ராங்கோ கார் ஓடிய அன்றைக்குத்தான் என் கிரகப்பிரவேச விருந்து. ஒருத்தர் பந்திக்கு வரவில்லை.

பெரியப்பா: 1994 ஜூன் 17. ஒன்பதரைக் கோடிப் பேர் டி.வி.யில் பார்த்தார்கள் அம்புஜம், நான் மட்டுமா?

அம்புஜம் அத்தை: அவர்கள் யாரும் என் அண்ணன் இல்லையே.

சாந்தி சித்தி: தேதியைப் பேசுங்கள்.

கார்த்திக்: கோர்ட்டில் காட்டிய கையுறை சிம்ப்சன் கைக்குச் சேரவில்லை, அதனால்தானே விட்டார்கள்?

பெரியப்பா: அது மட்டுமில்லை. டி.என்.ஏ. சாட்சி பலமாகவே இருந்தது. ரத்தத்தைச் சேகரித்த முறை சரியில்லை என்று சிம்ப்சனின் வக்கீல் கோக்ரன் தரப்பு பிய்த்து எடுத்தது. துப்பறிவாளர் ஃபர்மன் கறுப்பர்களை இழிவாகப் பேசிய டேப்பும் வெளியே வந்தது. ராட்னி கிங் என்ற கறுப்பரை அடித்த போலீஸ்காரர்களை 1992இல்தான் விடுவித்திருந்தார்கள். அந்த ஊரில் போலீஸ் சொல்வதை எப்படி நம்புவார்கள்?

அம்புஜம் அத்தை: செத்தவர்களை யாரும் சொல்லவில்லை. சிம்ப்சனின் முன்னாள் மனைவி நிக்கோல், அவளுடைய நண்பன் ரான் கோல்ட்மேன். நிக்கோலின் அம்மா ஹோட்டலில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த பையன். 25 வயது. அவன் அப்பா விடவில்லை, சிவில் வழக்கில் 1997இல் ஜெயித்தார்.

பெரியப்பா: ஆமாம், இரு குடும்பத்துக்கும் சேர்த்து 3 கோடியே 35 லட்சம் டாலர். சிம்ப்சன் 2024இல் இறந்தபோதும் பெரும்பகுதி பாக்கி.

சாந்தி சித்தி: பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற குழுவில் கொலைக்கதை போதும்!

வித்யா: பரவாயில்லை சித்தி, எனக்குக் கேட்க வேண்டும்.

ரமணி சித்தப்பா: தள்ளிவைக்கக் கேட்கலாமாம். ஆனால் போகலாம் என்றுதான் தோன்றுகிறது. எல்லோரும் நழுவினால் யார் உட்காருவது?

சாந்தி சித்தி: அப்போது வளையல் யார் வாங்குவது?

கார்த்திக்: நான் வாங்குகிறேன்.

அம்புஜம் அத்தை: கண்ணாடி வளையல்தான், பிளாஸ்டிக் வேண்டாம். ஐந்து வகை சாதம் யார்?

சாந்தி சித்தி: அது அப்புறம். நீங்கள் முதலில் தள்ளிவைக்க எழுதிப் போடுங்கள்.

ரமணி சித்தப்பா: ராத்திரி பேசலாம்.

பெரியப்பா: ஹால்காரர் முன்பணம் கேட்கிறார். யார் அனுப்புகிறீர்கள்?