ரிஃபாம்பிசின் தட்டில் பத்துக்குப் பத்தும் ஒரே மாதிரி காலனி, தப்பு எங்கே?

கேள்வி: கிண்டி மைக்ரோ
எம்.எஸ்சி. செயல்முறைக்கு லூரியா–டெல்ப்ரூக் சோதனை: பாக்டீரியாவில் மருந்தைத் தாங்கும் சடுதிமாற்றம் (மரபணு மாற்றம்) மருந்து படும் முன்பே நடக்குதா, பட்ட பிறகா என்று பார்ப்பது. பாக்டீரியா ஈ.கோலை கே-12, தட்டில் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். 10 மி.லி. எல்பியில் (சத்துள்ள வளர்ப்புத் திரவம்) ராத்திரி முழுக்க வளர்த்து, காலையில் 10 குழாய்களுக்கு 1 மி.லி. வீதம் பிரித்து, ரெண்டு மணி நேரம் கழித்துப் பரப்பினேன். காலனிகள்: 41, 38, 46, 35, 44, 39, 51, 37, 42, 47. சராசரி 42, விலக்க வர்க்கச் சராசரி (வேரியன்ஸ், எண்கள் எவ்வளவு சிதறுது என்ற அளவு) 25. சடுதிமாற்றம் முன்பே நடந்தால் குழாய்க்குக் குழாய் எண்ணிக்கை பெரிதும் மாறி, இது சராசரியைவிடப் பல மடங்கு வரணும் என்று புத்தகத்தில் இருக்கிறது. மருந்து பட்ட பிறகுதான் சடுதிமாற்றம் நடக்குது என்று எழுதலாமா? அடுத்து மியூட்-டி5 ரகத்தையும் (சடுதிமாற்றம் மிக அதிகமா நடக்கும் ஈ.கோலை) ஓட்டணும்.

பதில் 1: தட்டெண்ணி
எழுதிடாதீங்க தம்பி. நீங்க செய்தது சோதனை இல்லை, அதோட கன்ட்ரோல் (ஒப்பீட்டுச் சோதனை). 1943-லேயே லூரியாவும் டெல்ப்ரூக்கும் ஒரே வளர்ப்பிலிருந்து பல மாதிரி எடுத்துத் தனியா எண்ணிக் காட்டியிருக்காங்க, அதில் விலக்க வர்க்கச் சராசரி, சராசரியை ஒட்டியே வரும். உங்க குழாய்கள் பிரியும்போதே வளர்ப்பு முழுசா வளர்ந்து நின்னுடுச்சு. அதுக்கப்புறம் வைத்த ரெண்டு மணி நேரம் சும்மா.

பிரிப்பது முதல்லயே நடக்கணும். ஓவர்நைட் வளர்ப்பில் மி.லி.க்குச் சுமார் 2×10⁹ செல். நூறு மடங்கா மூன்று முறை நீர்க்கச் செய்யுங்க, கடைசிப் படியில் 0.3 மி.லி.யை 29.7 மி.லி. எல்பியில். இப்போ மி.லி.க்கு 2000 செல்தான், மருந்தைத் தாங்கும் செல் ஒன்று உள்ளே வரும் வாய்ப்பு மிகக் குறைவு. 25 குழாய், 1 மி.லி. வீதம், 37 டிகிரியில் 24 மணி நேரம் ஷேக்கரில். பிறகு மையவிலக்கில் சுழற்றி, 100 மைக்ரோலிட்டரில் கலக்கி, ஒவ்வொரு குழாயையும் முழுசா ஒரே தட்டில் பரப்புங்க. பாதியை மட்டும் பரப்பினா அதுக்குத் தனித் திருத்தம் போடணும், வீண் வேலை. மொத்த எண்ணிக்கைக்கு மூன்று குழாய் போதும்: பத்து லட்சம் மடங்கு நீர்த்து, மருந்தில்லாத் தட்டில் 100 மைக்ரோலிட்டர். சுமார் 200 காலனி வரும்.

ஒரு குழாய் மட்டும் 600 காட்டினால் தூக்கிப் போடாதீங்க, சீக்கிரமே சடுதிமாற்றம் நடந்த குழாய் அது. சோதனையோட உயிரே அங்கேதான் இருக்கு.

பதில் 2: ஆட்டோகிளேவ் மாமா
மருந்துப் பக்கம் ரெண்டு விஷயம். ஸ்டாக் (அடர் கரைசல்) மி.லி.க்கு 50 மி.கி., டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில். லிட்டர் அகாருக்கு 2 மி.லி., அகார் 50 டிகிரிக்கு ஆறின பிறகுதான். வெளிச்சம் ஆகாது, தட்டுகளை ஃபாயிலில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்க. சென்னை மே மாசத்தில் பெஞ்ச் மேலேயே விட்டா அகார் ஓரத்தில் வற்றிப் போகும், செறிவும் நம்ப முடியாது. எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில், 24 அல்லது 48 மணியில் எண்ணுங்க. முதல் நாள் சில, மறுநாள் சில என்றால் கணக்கு கோணிடும். எண்ணியதும் எல்லாத் தட்டும் ஆட்டோகிளேவுக்கு.

பதில் 3: மடக்கை
சராசரியை வைத்து வீதம் போடாதீங்க, அந்த 600 இழுத்துடும். இடைநிலையை (வரிசைப்படுத்தினா நடுவில் வரும் எண்) எடுங்க. லீ–கூல்சன் முறையில், இடைநிலையை எம்-ஆல் வகுத்து, எம்-இன் இயல் மடக்கையைக் கழித்தால் 1.24. எம் என்பது ஒரு குழாயில் நடந்த சடுதிமாற்ற நிகழ்வுகள். இடைநிலை 35 என்றால் எம் சுமார் 10. அதைக் குழாயின் மொத்தச் செல் 2×10⁹-ஆல் வகுத்தால் வீதம், செல்லுக்கு 5×10⁻⁹. சாதாரண ரகத்துக்கு அந்த அளவுதான் வரணும்.

மியூட்-டி5-க்கு இதே 1 மி.லி. போட்டா தட்டு முழுக்கப் புல்தரைதான், காலனிகளைத் தனித்தனியா எண்ண முடியாது. நகலெடுக்கும்போதே பிழை திருத்தும் டிஎன்ஏ பாலிமரேஸ் 3-இன் எப்சிலான் துணை அலகு அதில் கெட்டிருக்கு, எல்பி மாதிரி செழிப்பான ஊடகத்தில் பிழை ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறும். அதனால் பொருந்தாமை பழுதுநீக்கமும் (நகலெடுத்த பிறகு மிஞ்சிய பிழைகளைச் சரிசெய்யும் அமைப்பு) ஈடுகொடுக்க முடியாமல் திணறும். பரப்பும் முன் நீர்த்தே ஆகணும். ஒவ்வொரு முறையும் உறைகுளிர் ஸ்டாக்கிலிருந்து புதுசா கோடிழுங்க, வாரக்கணக்கில் தட்டில் வைத்திருந்தால் சடுதிமாற்ற வேகம் குறைந்த செல்கள் மேலே வந்துடும்.

கேள்வி: கிண்டி மைக்ரோ
நன்றி சார். நீர்த்துப் பரப்பினால், தட்டெண்ணி சார் சொன்ன அந்தத் திருத்தம் போடணுமா?

பதில் 3: மடக்கை
ஆமா, போட்டே ஆகணும். பரப்பிய பங்கு இசட் என்றால், கிடைத்த எம்-ஐ இசட்–1-ஆல் பெருக்கி, இசட் × இசட்-இன் இயல் மடக்கையால் வகுங்க. ரெண்டுமே எதிர்மறை, குறி தானே போயிடும்.