கையால் கட்டிய ஃப்ளைகள் பெருகிவிட்டன: எப்படிப் பிரித்து, எதில் வைப்பது?

ஆற்றோரம் (ஸ்கார்பரோ, ஒன்டாரியோ)

அனைவருக்கும் வணக்கம். குளிர்காலம் முழுவதும் ஃப்ளை (இறகு, ரோமம், நூல் கொண்டு தூண்டில் முள்ளில் கட்டும் போலி இரை) கட்டுவது என் வழக்கம் என்பதால், கையிருப்பு இப்போது ஐந்நூறைத் தாண்டிவிட்டது. நான் மீன்பிடிப்பது பெரும்பாலும் கிராண்ட் ஆற்றில், ஷாண்ட் அணைக்குக் கீழே ஃபெர்கஸ், எலோரா பகுதிகளில், பிரவுன் ட்ரவுட் மீனுக்காக. நீர்மேல் மிதக்கும் உலர் ஃப்ளைகளுக்கு ஒரு பெட்டி, நீருக்குள் வாழும் இளம்பூச்சியைப் போன்ற நிம்ஃப்களுக்கு ஒன்று, சிறுமீனைப் போன்ற ஸ்ட்ரீமர்களுக்கு ஒன்று என வகைவாரியாகப் பிரித்திருக்கிறேன். ஆனால் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஹென்ட்ரிக்சன் பூச்சிகள் எழும் நாள்களில், கோடையில்தான் எழத் தொடங்கும் ஐசோனிக்கியா பூச்சிக்கான ஃப்ளைகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. குளிரில் விறைத்த விரல்களோடு அவற்றுக்கிடையே தேடி எடுப்பதற்குள் மீன் மேலே வருவது நின்றுவிடுகிறது. இன்னொரு சிக்கல், எடைக்காக உலோக மணி கோத்த நிம்ஃப்களில் எது டங்ஸ்டன், எது பித்தளை என்று பார்வையால் அறிய முடியாதது. எல்லாவற்றையும் கணினியில் அட்டவணையாக எழுதி வைப்பவர்கள் இங்கே உண்டா?

வெள்ளிச்செதில் (வில்ட்ஷயர், இங்கிலாந்து)

ஐயா, உங்கள் பிரிப்பு வீட்டுக்குப் பொருந்தும், ஆற்றுக்குப் பொருந்தாது. சேமிப்புப் பெட்டியும் அன்றாடப் பெட்டியும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வீட்டில் இருப்பவற்றை வகை, தூண்டில் முள்ளின் அளவு எண் ஆகியவற்றின்படி, அறைகள் கொண்ட சாதாரண பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்து, மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். அன்றாடப் பெட்டி ஒன்றே ஒன்றுதான். புறப்படுவதற்கு முந்தைய இரவு, அந்த மாதத்தில் அந்த ஆற்றில் எழும் பூச்சிகளை மனத்தில் கொண்டு அதை நிரப்ப வேண்டும். ஹென்ட்ரிக்சன் நாளுக்கு அதன் நிம்ஃப், நீர்ப்பரப்பில் தோலுரிக்கும் நிலைக்கான ஃப்ளை, உலர் ஃப்ளை, முட்டையிட்டு விழும் நிலைக்கான ஃப்ளை ஆகிய நான்கும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருந்தால், மீனின் போக்கு மாறும்போது உங்கள் விரல் அடுத்த இடத்துக்கு நகர்ந்தால் போதும்.

உலர் ஃப்ளைகளைக் கீறல் போட்ட ஃபோமில் நெருக்கமாகச் செருகாதீர்கள். கழுத்தில் சுற்றிய சேவல் இறகு நசுங்கினால் ஃப்ளை நீரில் நிமிர்ந்து நிற்காது. ரிச்சர்ட் வீட்லி நிறுவனத்தின் அலுமினியப் பெட்டிகளில் சிறு அறைகளுக்குத் தனித்தனியே ஸ்பிரிங் மூடிகள் இருப்பது இதற்காகத்தான். காற்று வீசும்போது ஓர் அறையைத் திறந்தால் மற்ற அறைகளில் இருப்பவை பறக்காது. விலை சற்று அதிகம், ஆனால் பேரனுக்கும் உதவும். ஏற்கெனவே நசுங்கியவற்றை இடுக்கியால் பிடித்துக் கெட்டில் ஆவியில் சில விநாடிகள் காட்டினால் இறகு தானாக விரியும். நிம்ஃப்களுக்கு ஃபோம் போதும். எதிர்முள் (நுனியருகே பின்னோக்கி நீளும் சிறு கூர்) இல்லாத தூண்டில் முட்கள் தளர்ந்து விழக்கூடும் என்பதால் கீறல்கள் இறுக்கமாக உள்ள ஃபோமைத் தேர்ந்தெடுங்கள்.

எடையைப் பொறுத்தவரை, டங்ஸ்டன் மணி கோத்தவற்றை எப்போதும் சிவப்பு நூலால் கட்டி முடியுங்கள். மணிக்குப் பின்னால் தெரியும் அந்த மெல்லிய சிவப்பு வளையமே அடையாளம். ஆங்கிலேய மீன்பிடி வல்லுநர் ஃபிராங்க் சாயரின் முறைப்படி நூலே இல்லாமல் செம்புக் கம்பியால் கட்டும் ஃபெசன்ட் டெயில் (ஃபெசன்ட் பறவையின் வால் இறகு) நிம்ஃபுக்கு மட்டும் இது பொருந்தாது. அதற்குத் தனி வரிசை ஒதுக்கிவிடுங்கள்.

குளிர்நீர் (பீட்டர்பரோ, ஒன்டாரியோ)

அட்டவணை வேண்டாம் அண்ணா. கட்டும் நேரத்தைவிட எழுதும் நேரம் அதிகமாகிவிடும். இரண்டு ஃப்ளைகளை மரக்கிளையில் இழந்த அன்றே கணக்கும் தவறிவிடும். சேமிப்புப் பெட்டியில் காலியாகிவரும் அறையே அடுத்து எதைக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிடும். ஆனால் அன்றாடப் பெட்டி ஒன்றே போதும் என்பதை நான் ஏற்கவில்லை. ஸ்ட்ரீமர்கள் நீளமானவை, அவற்றை நிம்ஃப்களோடு வைத்தால் இரண்டும் சிக்கிக்கொள்ளும்.

மலைக்காடன் (குன்னூர்)

நீலகிரியின் ட்ரவுட் ஓடைகளுக்காக ஃப்ளை கட்டுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எந்தப் பெட்டி என்பதைவிட, அது எந்த நிலையில் மூடப்படுகிறது என்பதே முக்கியம். நனைந்த ஃப்ளையை அப்படியே உள்ளே வைத்து மூடினால், அந்த ஒன்றின் ஈரம் பெட்டி முழுவதற்கும் பரவித் துரு பிடிக்கும். ஜூலை மாதத்து மழையில் இங்கே அதற்கு அதிக நாள் தேவையில்லை. பயன்படுத்தியவற்றைத் தொப்பியிலோ உடுப்பிலோ செருகி வைத்து, வீட்டில் நன்றாக உலர்ந்த பிறகே திருப்பி வையுங்கள். சேமிப்புப் பெட்டிகளில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். சூரிய ஒளி படும் அலமாரியைத் தவிர்த்துவிடுங்கள், சாயமேற்றிய இறகு வெளுத்துவிடும்.

அந்துப்பூச்சியும் தோல்வண்டும் இறகையும் ரோமத்தையும் அரிக்கும். பெட்டியின் அடியில் மணல் போன்ற துகள் தெரிந்தாலே சந்தேகப்பட வேண்டும். பாச்சை உருண்டை போடலாமே என்று தோன்றும். ஆனால் அதிலுள்ள நாப்தலீன் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பூச்சி பிடித்தவற்றைக் காற்றுப் புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்து, வெளியே எடுத்து அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே பையைத் திறங்கள். முன்பே திறந்தால் இறகின் மேல் ஈரம் படியும். புதிதாக வாங்கும் இறகுகளையும் இவ்வாறு செய்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பது நல்லது.

ஆற்றோரம்

மிக்க நன்றி. சிவப்பு நூல் யோசனையை இனிக் கட்டுபவற்றுக்குப் பின்பற்றுகிறேன். ஏற்கெனவே கட்டிய மணி நிம்ஃப்களை எப்படிப் பிரிப்பது?

வெள்ளிச்செதில்

ஒரே எண் முள்ளும் ஒரே அளவு மணியும் உள்ள இரண்டை உயரமான கண்ணாடிக் குவளை நீரில் ஒன்றாகப் போடுங்கள். டங்ஸ்டனின் அடர்த்தி பித்தளையின் அடர்த்தியைப் போல இருமடங்குக்கும் மேல் என்பதால் அது முந்தி அடியைத் தொடும். முதலில் உடல் முழுவதையும் விரலால் நனைத்துவிடுங்கள்; இல்லையென்றால் ரோமத்தில் சிக்கிய காற்று முடிவைக் குழப்பும். டங்ஸ்டன் என்று தெரிந்ததும் மணிக்குப் பின்னால் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து, அது முழுவதும் காய்ந்த பிறகு பெட்டியில் செருகுங்கள்.