கீமோ நாட்களில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று, எழுதுங்கள்

பள்ளத்தூரான்:
அப்பச்சிக்குப் பெருங்குடல் புற்று, கீமோவில் மூன்றாவது சைக்கிள், அதாவது மூன்றாம் சுற்று. இடுப்பில் மருந்து ஏற்றும் பம்ப், 46 மணி நேரம், உங்களுக்குத் தெரியாததா. விடியற்காலை எழுந்து செருப்பில்லாமல் வளவில் கால் வைத்தார், ஆத்தங்குடிக் கல், மார்கழி வேறு. "டேய், தரையில கரண்ட் அடிக்குதுடா!" நான் மெயினை அணைக்க ஓடினேன். திரும்பி வந்தபோதுதான் ஆக்ஸாலிபிளாட்டின் என்கிற கீமோ மருந்து ஏறினால் சில நாள் குளிர்ந்தது எதுவும் படக் கூடாது என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தூணைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றிருந்தார்.

தேவகோட்டை மருமகள்:
எங்கள் அத்தைக்கு கேப்சிடபின் என்கிற கீமோ மாத்திரை, 14 நாள் சாப்பிட்டு 7 நாள் ஓய்வு. உள்ளங்கை சிவந்து உரிந்து, ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் ரேகையே விழவில்லை. பின்னால் நின்ற வரிசை முனகுகிறது, அத்தை முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். வேகமாகப் பிரிகிற செல்லை எல்லாம் மருந்து பிடிக்குமாம், வாய்ப்புண்ணும் அதனால்தானாம். உங்கள் அப்பச்சி கால் கதையும் அதுவாகத்தான் இருக்கும்.

கானாடுகாத்தான் அண்ணன்:
இதுக்கெல்லாம் நம்ம நித்தியகல்யாணி இருக்கே, கொல்லையிலேயே. மருந்துக் கம்பெனிக்காரன் அதைத்தான் வாங்கிட்டுப் போறான். வேரைக் கழுவி கஷாயம் வைங்க.

லேப் பையன்:
அண்ணே, கோபிக்காதீங்க, கஷாயம் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வின்கிரிஸ்டின் எடுப்பது உண்மை, ஆனால் அது ரத்தப் புற்று மாதிரியானவற்றுக்கு. பெருங்குடல் புற்றுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. வீட்டில் காய்ச்சினால் அளவு தெரியாத நஞ்சு, அவ்வளவுதான்.

எம்.எஸ்சி. படிக்கும்போது பெருங்குடல் புற்றுச் செல்களைத் தட்டில் வளர்த்து வின்கிரிஸ்டின் மாதிரி மருந்து ஒன்றை விட்டோம். தோசை போல ஒட்டிக் கிடக்கிற செல், பிரியும் நேரத்தில் சீடை மாதிரி உருளும். குரோமோசோமை இரண்டு பக்கமும் இழுக்க வேண்டிய நூல் சரியாகக் கோர்க்காததால் உருண்டையாகவே நின்றுவிட்டன. மறுநாள் பார்த்தால் பல செல்கள் கொதிக்கிற பாகு மாதிரி குமிழ் குமிழாகப் பொங்கிச் சிதறியிருந்தன, தானே தன்னை முடித்துக்கொள்கிற சாவு அது. ஆனால் சில, பிரியாமலே மறுபடி படுத்து, ஒரே செல்லுக்குள் மூன்று நான்கு நியூக்ளியஸை வைத்துக்கொண்டு உயிரோடு கிடந்தன. எனக்கு ஞாபகம் இருப்பது செத்தவை அல்ல, அவைதான்.

அப்பச்சியின் பம்ப்பில் போவது 5-எஃப்யூ என்கிற வேறு மருந்து. அது நூலைத் தொடாது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்தில் தைமினுக்கான சரக்கைச் செய்யும் நொதியை அடைத்துவிடும், செல் நகலெடுக்கப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். கேப்சிடபினும் உடம்புக்குள் போய் அதுவாகத்தான் மாறுகிறது. ஆக்ஸாலிபிளாட்டின் எழுத்துகளையே ஒன்றோடொன்று பூட்டிவிடும். வாய்ப்புண் பற்றி மருமகள் அக்கா சொன்னது சரி. ஆனால் நரம்புச் செல் பிரிவதே இல்லை, அதனால் கரண்ட் அடித்தது வேறு கணக்கு, மருந்து நரம்பைச் சீண்டுவது. குளிருக்கு அடுத்த சைக்கிளில் சாக்ஸ், வெதுவெதுப்பான தண்ணீர், பிரிட்ஜைத் திறக்க வேறு ஆள். சைக்கிள் தாண்டியும் மரத்துப்போனால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அளவைக் குறைப்பார்கள்.

கானாடுகாத்தான் அண்ணன்:
நான் வேரைத்தான் சொன்னேன், இலையைச் சொல்லலையே.

பள்ளத்தூரான்:
வளவு முழுக்க ஜமுக்காளம் விரித்துவிட்டோம் தம்பி. அப்பச்சி தினமும் அதன் ஓரத்தை விலக்கி, கட்டைவிரலால் மட்டும் கல்லைத் தொட்டுப் பார்க்கிறார். "இன்னைக்கு பாதி கரண்ட்தான்" என்றார் நேற்று.