படுக்கையறைக்கு லைட் பிங்க்: எந்த ஷேட், கூட என்ன நிறம் சேரும்?

ஜன்னலோரம்:
படுக்கையறைக்கு லைட் பிங்க் அடிக்க ரொம்ப நாள் ஆசை. கணவருக்கும் சம்மதம்தான், பஞ்சுமிட்டாய் மாதிரி ஆகிவிடக் கூடாது என்கிறார். அறைக்கு ஒரே ஜன்னல். நேர் வெயில் விழாது, வெளியே பெரிய மரம் ஒன்று நிற்கிறது. கட்டில், அலமாரி இரண்டும் அடர் பழுப்பு மரம், தரை வெளிர் சாம்பல் டைல்ஸ். ஷேட் கார்டில் மூன்று பிங்க் பிடித்திருக்கிறது. அதில் பகலில் அழகாக இருப்பது ராத்திரி டியூப் லைட்டில் ஊதா அடிக்கிறது. எதை நம்பி வாங்குவது? சீலிங், கர்ட்டனுக்கு என்ன நிறம் போடலாம்?

ரோலர்காரன்:
வணக்கம் சகோதரி. பெயின்டிங்தான் என் தொழில். மூன்று ஷேடையும் ஒரு வெள்ளைத் தாள் மேல் ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பிங்க்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று நீலத்துக்கும், ஒன்று மஞ்சளுக்கும், ஒன்று மண் நிறத்துக்கும் சாய்வது தெரியும். ராத்திரி ஊதா அடிப்பது அந்த நீலம் சாய்ந்தது. அதை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

வெயில் விழாத ஜன்னலில் வருவது வானத்து வெளிச்சம், அதில் நீலம் கூடுதல். உங்களுக்கு மரம் வேறு இருக்கிறது. இலையில் பட்டு வரும் பச்சை வெளிச்சம் பிங்க்கை மங்கவைக்கும். சாம்பல் கலந்த பிங்க் வேறு எங்கேயாவது கம்பீரமாக இருக்கலாம், இந்த அறையில் அழுக்குப் படிந்த மாதிரி நிற்கும். கொஞ்சம் மஞ்சளும் துளி மண் நிறமும் உள்ளதை எடுங்கள், பஞ்சுமிட்டாய் பயமும் போய்விடும்.

அப்புறம், நான்கு சுவரும் ஒரே நிறமானால் வெளிச்சம் சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பி, கார்டில் பார்த்ததைவிட நிறம் கெட்டியாகத் தெரியும். பிடித்த ஷேடுக்கு ஒரு படி லைட்டாக வாங்குங்கள். சில கார்டுகளில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் இருக்கும், அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதன் அளவு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. உங்கள் அறைக்கு 70க்குக் குறையாமல் பாருங்கள்.

சாம்பிளைச் சுவரில் அடிக்காதீர்கள், பழைய நிறம் சுற்றிலும் நின்று கண்ணை ஏமாற்றும். பெரிய வெள்ளை அட்டையில் ஓரம் விட்டு இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஜன்னல் பக்கச் சுவரிலும் எதிர்ச் சுவரிலும் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். கட்டில் தலைமாட்டில் ராத்திரியும் ஒரு தடவை.

வெளிச்சம்:
ரோலர்காரன் அண்ணா சொன்னது சரி. கூடவே லைட்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். லைட்டின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். 6500 கெல்வின் டியூப் நீலம் கலந்த வெள்ளை. படுக்கையறைக்கு 2700 முதல் 3000 போதும். லைட் வரும் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று, நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு ஒரு எண் இருக்கும். அது 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறம் அசலாகத் தெரியும்.

ஜன்னலோரம்:
ரொம்ப நன்றி அண்ணா, லைட்டை மாற்றிவிடுகிறோம். மண் நிறம் சாய்ந்ததில் ஒரு படி லைட் எடுக்கிறேன். சீலிங்கும் கர்ட்டனும்?

ரோலர்காரன்:
சீலிங்குக்குப் பளீர் வெள்ளை வேண்டாம், பக்கத்தில் பிங்க் இன்னும் தூக்கலாகத் தெரியும். துளி மஞ்சள் கலந்த வெள்ளை அடியுங்கள். கர்ட்டனுக்குச் சாம்பல் கலந்த இலைப்பச்சை நன்றாகச் சேரும். மரச்சாமானை அப்படியே விடுங்கள், அந்த அடர் பழுப்புதான் அறைக்கு நிதானம் தருகிறது. டைல்ஸ் குளிர்ச்சியாகத் தெரிந்தால் செங்கல் நிறத்தில் ஒரு விரிப்பு போடலாம். மெத்தை விரிப்பில் இன்னொரு பிங்க் மட்டும் வேண்டாம்.

ஃபினிஷ் பளபளப்பில்லாத மேட் எடுங்கள். பளபளப்பு வந்தால், சுவரைச் சமமாக்கப் பூசிய பட்டியின் மேடுபள்ளம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். முழு அறைக்கும் ஒரே தடவையில் வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். மெஷினில் கலந்தாலும் லைட் ஷேடுகளில் டப்பாவுக்கு டப்பா லேசான வித்தியாசம் வரலாம்.