பிரேக் மிதித்தால் அணையும் டெயில் லைட்: உங்கள் பழைய பிக்கப்பில் என்ன நடந்தது?

முதுநகர் லோடு

மீன் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நம் வண்டி நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருஷம் தாண்டிய பிக்கப். கடலூர் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றி, விடிவதற்குள் புதுச்சேரி மார்க்கெட்டில் இறக்க வேண்டும். ரெட்டிச்சாவடி தாண்டியதும் பைக்கில் வந்த ஒரு பையன் ஜன்னல் பக்கம் ஒட்டி வந்து கத்தினான்: "அண்ணே, பிரேக் அடிச்சா உங்க லெஃப்ட் லைட் அணையுதுண்ணே!"

எரியவில்லை என்றால் புரியும். அணைகிறது என்றால்?

முள்ளோடையில் டீக்கடை ஓரம் நிறுத்தி, கிளீனர் பையனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துப் பின்னால் போய் நின்றேன். பார்க்கிங் லைட் இரண்டு பக்கமும் ஒழுங்காக எரிந்தது. "மிதிடா" என்றேன். வலது பக்கம் பளிச்சென்று ஏறியது, இடது பக்கம் செத்தது. "விடுடா" என்றேன், இடது பக்கம் உயிர் வந்தது. பையன் உள்ளேயிருந்து, "அண்ணே, மிதிக்கும்போது இங்க லெஃப்ட் இண்டிகேட்டர் அம்பு லேசா எரியுதுண்ணே" என்றான். டீக்கடைக்காரர் வேடிக்கை பார்த்துவிட்டு, "எதுக்கும் எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுடுங்க" என்றார்.

பல்பைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு இழையும் முழுசு. மறுநாள் மஞ்சக்குப்பத்தில் காட்டிய எலக்ட்ரீஷியன் பல்பைத் தொடவே இல்லை. கறுப்பு எர்த் ஒயரை, அதாவது பல்பிலிருந்து கரண்டு பேட்டரிக்குத் திரும்புகிற ஒயரை, பிடித்துக்கொண்டே வண்டியின் அடிச்சட்டமான சேசி வரை போனார். போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. விரலை வைத்ததும் ரிங்கோடு ஒயர் கையில் வந்துவிட்டது. பெட்டியிலிருந்து வழியும் மீன் தண்ணீர் நேராக அந்த போல்ட் மேல்தான் சொட்டுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ரிங் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் அப்பினார். வேலை முடிந்தது.

எனக்கு முடியவில்லை. எர்த் போனால் எரியாமல் அல்லவா இருக்க வேண்டும்? மிதித்தால் மட்டும் ஏன் அணைய வேண்டும்?

ஐஸ் வண்டி, அரியாங்குப்பம்

உங்களுக்கு அணைந்தது, எங்களுக்கு எரிந்ததுதான் பிரச்சினை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. இருட்டியதும் லைட் போட்டால் பின்னால் வருகிறவன் எல்லாம் ஹார்ன் அடிப்பான். ஒரு நாள் பாலத்துக்கிட்ட ஒரு கார்க்காரர் ஓவர்டேக் பண்ணி இறங்கி வந்தே விட்டார். "யோவ், பிரேக்குலயே கால வெச்சுக்கிட்டு ஓட்டுறியே, எப்ப நிப்ப, எப்ப போவன்னு நான் என்னத்தக் கண்டேன்?" நான் பிரேக்கைத் தொடவே இல்லை, சத்தியமாக.

விஷயம் பல்பில். பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங்குக்கு 5 வாட் என்று இரண்டு இழை உள்ள 21/5 வாட் டபுள் பாயிண்ட் பல்பில், பக்கவாட்டுப் பின் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே, ஒன்று கீழே. மாற்றிப் போட முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஹோல்டர் தேய்ந்து போயிருந்தால் அழுத்தித் திருகினால் உட்கார்ந்துவிடும். முன்னால் வைத்திருந்த யாரோ அப்படித் திருகியிருக்கிறார்கள். பார்க்கிங் லைட்டுக்கு 21 வாட் எரிகிறது, பிரேக்குக்கு 5 வாட். ஏற்கெனவே பளிச்சென்று எரிகிற இடத்தில் அந்த 5 வாட் கூடினால் யார் கண்ணுக்குத் தெரியும்? ஹோல்டர் மாற்றிய பிறகு ஒரு ஹார்னும் இல்லை.

பாகூர் கரும்பு

எல்லாரும் எதையெதையோ சொல்கிறீர்கள். முதல் கேஸ் பிரேக் சுவிட்ச்தான், எழுதித் தருகிறேன். என் வண்டியில் பெடலில் சுவிட்ச் முட்டுகிற இடத்தில் இருந்த ரப்பர் பொடிந்து கொட்டி, சாவியை எடுத்த பிறகும் ராத்திரி முழுக்க பிரேக் லைட் எரிந்து, காலையில் பேட்டரி காலி. ஆலைக்குப் போக வேண்டிய லோடு அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பழைய வண்டியில் குண்டு பல்பை வைத்துக்கொண்டு அழுவதே வேஸ்ட். எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றிவிடுங்கள். கரண்டு குறைவாக இழுக்கும், ஹோல்டர் சூடாகாது, குண்டு குழியில் இழை அறுந்து போகிற பேச்சே இல்லை. பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு நொடியில் தெரியும், குண்டு பல்பு சூடேறி வருவதற்குள் இது எரிந்திருக்கும். வாங்கும்போது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள், லாரிக்கு உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள். சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி. போடுங்கள், வெள்ளை போட்டால் வெளிறித் தெரியும். அப்படியே பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பும் புதுசாக ஒட்டுங்கள், எஃப்.சி.க்கு, அதான் வண்டித் தகுதிச் சான்றுக்கு, எப்படியும் கேட்பார்கள். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அப்போது ஓடுவதை விட இப்போதே செய்வது மேல்.

பழைய ஒயர்மேன்

பாகூர் தம்பி, பிரேக் சுவிட்ச் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். அது போனால் ஒரு பக்கம் மட்டும் எப்படி அணையும்? வலது பக்கம் பளிச்சென்று ஏறியது என்று அவர்தான் எழுதியிருக்கிறாரே. படித்துவிட்டு எழுதித் தரலாம்.

முதுநகர்க்காரரே, கணக்கு இதுதான். இடது பக்கம் எர்த் அறுந்தாலும் பார்க்கிங் கரண்டு சும்மா இருக்காது. 5 வாட் இழை வழியாக வந்து, பக்கத்தில் இருக்கும் 21 வாட் இழைக்குள் புகுந்து, பிரேக் ஒயரில் பின்னோக்கி ஓடி, வலது பக்க பல்பு வழியாக எர்த்தைப் பிடிக்கும். சின்ன இழைக்கு அது போதும், நன்றாக எரிவது போலவே இருக்கும். நீங்கள் பிரேக்கை மிதித்ததும் அது திரும்பிப் போகிற வழியிலேயே 12 வோல்ட் எதிரே வந்து நிற்கிறது. இரண்டு முனையிலும் ஒரே வோல்ட், அப்புறம் கரண்டு எங்கே ஓடும்? மிச்சம் மீதி கரண்டு அதே எர்த்தில் சேர்ந்திருக்கும் இண்டிகேட்டர் இழைக்குள் புகுந்து முன்பக்க பல்பில் எர்த் தேடும். பையன் பார்த்த அம்பு அதுதான். அவன் கெட்டிக்காரன், விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கடற்கரையில் வண்டி வைத்திருக்கிறவர் ஒரு நீள ஒயர் வைத்துக்கொண்டால் போதும். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை ஹோல்டர் பாடியில். லைட் சரியானால் எர்த் போயிருக்கிறது. மீட்டர் இருந்தால் அதே இரண்டு இடத்தில் வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். முள் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மூணு நாலு வோல்ட் காட்டினால் பல்பு வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

எல்.இ.டி.யும் எர்த் இல்லாமல் எரியாது தம்பி. இண்டிகேட்டருக்கும் அதையே போட்டால் இண்டிகேட்டரை மினுக்குகிற பழைய ஃபிளாஷர், பல்பு போய்விட்டதாக நினைத்துப் படபடவென்று அடிக்கும்.

ஆல்பேட்டை

எனக்கு ஸ்பீடு பிரேக்கர்தான் எமன். ஏறி இறங்கினால் டெயில் லைட் ஃபியூஸ் போகும். புதுசு போட்டால் அடுத்த ஸ்பீடு பிரேக்கர் வரை தாங்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை பொங்கியதே, அப்போது வண்டி தண்ணீரில் நின்றது. அதனால் யாரிடம் காட்டினாலும் "ஃபெஞ்சல் தண்ணி சார், ஒயரிங் மொத்தமா மாத்தணும்" என்றார்கள். ஒருவர் கேட்ட தொகைக்கு நான் பழைய வண்டியே இன்னொன்று பார்த்திருப்பேன்.

கடைசியில் ஒரு வயசான மெக்கானிக் ஃபியூஸ் இடத்தில் ஃபியூஸைப் போடாமல், ஒரு 21 வாட் பல்பை இரண்டு ஒயரில் கட்டிச் சொருகினார். டெயில் பல்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு லைட் சுவிட்சைப் போட்டார். அந்த ஒற்றை பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது, ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தமாம். என்னை அதைப் பார்க்கச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து ஒயர்க் கட்டை அங்கங்கே தூக்கிக்கொண்டே போனார். பின் ஸ்பிரிங் பட்டைக்குக் கிட்ட ஒரு இடத்தில் தூக்கியதும் பல்பு அணைந்தது. "அணைஞ்சிடுச்சுங்க!" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். க்ளிப் உடைந்து, ஒயர் சேசி விளிம்பில் உரசி, செம்பு தெரிந்தது. ஒரு சாண் ஒயர், ஒரு க்ளிப், கொஞ்சம் டேப். வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதுநகர் லோடு

ஒயர்மேன் சார், இப்போது புரிந்தது, நன்றி. ஐஸ் வண்டி அண்ணே, ஹோல்டர் மட்டும் தனியாகக் கிடைத்ததா, லேம்ப் செட்டாக வாங்கினீர்களா? வலது பக்கமும் அதே வயசுதான், மழைக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன்.

பாகூர் கரும்பு

செட்டாகவே வாங்குங்கள். எல்.இ.டி. செட்.